கூப்பிடாமல் விட்ட பெயர்

செவ்வாய்க்கிழமை பிற்பகல்களில் பிரார்த்தனைக் குடிலில் பெண்களுக்குக் கதை வாசிப்பது மிஸ் ஹார்டிங்கின் வழக்கம். வடக்கிலிருந்து வந்த ஆசிரியை அவர். அடிமைகளை விடுவித்த போர் முடிந்து ஒன்பது மாதங்கள் ஆகியும் அவருடைய காலணிகள் தீவின் மணலுக்குப் பழகவில்லை. வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டி, மீண்டும் அணிந்துகொண்டுதான் உள்ளே வருவார். அதுவரை பெண்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். பருத்திக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, விரல்களால் கொட்டையைப் பிரித்தபடியே அவர்கள் கதை கேட்பது அவருக்கு முதலில் சற்று வருத்தமாக இருந்தது. இப்போது அதற்கு அவர் பழகிவிட்டார்.

அன்று வாசித்த நாவலை வடக்கே யாரோ ஒரு சீமாட்டி எழுதியிருந்தாராம். அதில் ஓர் அடிமைப் பெண்ணின் குழந்தையை விற்றுவிடுகிறார்கள். தாய் கூந்தல் அவிழ, கைகளை வானுக்கு உயர்த்தி, குழந்தையின் பெயரைச் சொல்லிக் கதறியபடி வண்டியின் பின்னால் ஓடுகிறாள். ஒரு மைல் தூரம் ஓடி, சாலையில் விழுந்து, அங்கேயே உயிரை விடுகிறாள். அந்த இடம் வந்ததும் மிஸ் ஹார்டிங் வாசிப்பை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முதலில் வாயைத் திறந்தவள் சூக்கி.

"ஒரு மைலா? ஏன் மிஸ், அந்த ஊரு கங்காணிக்குக் கால் ஒடஞ்சு கெடந்துச்சா?"

"காலு இல்லடி, கண்ணு அவிஞ்சு போயிருக்கும்," என்றாள் ஹேகர்.

"நாமளா இருந்தா பத்தடி ஓடியிருப்போம். பதினோராவது அடி முதுகுல விழுந்திருக்கும்."

"கூந்தல் வேற அவுந்துச்சாமே! தலைத்துணி நழுவுனாலே எசமானியம்மா மூக்கப் பொத்திக்குவா. இவளுக்கு எண்ணெ தடவிச் சீவி விட்டது யாரு?"

குடில் முழுவதும் சிரித்தது. மிஸ் ஹார்டிங்கும் சிரிக்க முயன்றார், முகம்தான் ஒத்துழைக்கவில்லை.

மிண்டா மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய விரல்கள் பருத்திக்குள் அசையாமல் இருந்தன.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டாளா, மிஸ்?"

"ஆமாம்மா. சொல்லிச் சொல்லி அழறா."

"வண்டி கண்ணுக்கு மறையறதுக்கு முன்னாடியா?"

மிஸ் ஹார்டிங் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். "முன்னாடிதான்."

"அப்போ சரி," என்றாள் மிண்டா.

சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் எதைக் கேட்டாள் என்பது அங்கிருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆசிரியைக்கு மட்டும் தெரியாது.

இந்தத் தீவில் பிறந்த குழந்தைகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று எசமானரின் புத்தகத்தில் இருப்பது. மற்றொன்று, பருத்திச் சால் ஓரம் கூடையில் கிடத்தியிருக்கும்போது பெற்றவர்கள் வைப்பது. அதற்குக் கூடைப் பெயர் என்று பெயர். வீட்டுக்கு வெளியே அதை உரக்கச் சொல்வது ஒரு தருணத்தில் மட்டும்தான். ஓர் இடத்தைவிட்டுக் கிளம்பும்போது, வயலாகட்டும் ஆற்றங்கரையாகட்டும், குழந்தையின் கூடைப் பெயரை மூன்று முறை சொல்லி, "வா, போலாம், இங்க நிக்காத" என்று கூப்பிட வேண்டும். உடம்பு தானாக நடந்து வந்துவிடும். உயிர் அப்படி அல்ல. ஒரு நண்டைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிழலோடு விளையாடிக்கொண்டு அது அங்கேயே நின்றுவிடும். பெற்றவள் கூப்பிட வேண்டும், அல்லது பெயர் வைத்தவர் கூப்பிட வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் அது செவிசாய்க்காது.

கூப்பிடப்படாதவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதையும் தீவு அறியும். வர்ஜீனியாவிலிருந்து விலைக்கு வாங்கி வந்த மிங்கோ என்றொருவன் இருந்தான். உழுவான், உண்பான், கேட்டால் பதில் சொல்வான். தன் கையில் கோடரி இறங்கியபோதுகூட அதை யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டு நின்றான். பதினெட்டு ஆண்டுகளில் அவன் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. அவன் உயிர் வர்ஜீனியாவில் ஏதோ ஒரு வேலியோரம் நிற்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அவன் இறந்தபோது, புதைப்பதற்கு முழு ஆள் இல்லையே என்றுதான் பெண்கள் அழுதார்கள்.

வகுப்பு முடிந்ததும் மிஸ் ஹார்டிங் மிண்டாவை இருக்கச் சொன்னார்.

"உங்க பெரிய பொண்ணை வித்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அதை எழுதி எங்க ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பலாமான்னு கேக்கத்தான். உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம்."

"என்ன சொல்லணும், மிஸ்?"

"அந்த நாளைப் பத்தி. நீங்க எப்படி அழுதீங்க, என்ன சொன்னீங்க..."

"நான் அழல."

பென்சில் நின்றது. "அதிர்ச்சியில பேச்சே வரலை, இல்லையா?"

"பேச்சு வந்துச்சு. நான்தான் வெளிய விடல."

மிஸ் ஹார்டிங் எதையோ எழுதிவிட்டு, மிகுந்த மரியாதையுடன் வாசித்துக் காட்டினார்: "'துயரத்தால் கல்லாய்ச் சமைந்து நின்றாள்.' இப்படிப் போடலாமா?"

"கல்லு இல்ல, மிஸ்," என்றாள் மிண்டா. அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வடக்கே இன்னும் நிறையப் பேர் நம்பறாங்க, மிண்டா. உங்களுக்கெல்லாம் எங்களை மாதிரி வலிக்காதுன்னு. படிச்சா அவங்க அழணும். அதுக்காகத்தான் எழுதறோம்."

மிஸ் ஹார்டிங் நல்லவர். அதில் மிண்டாவுக்கு ஐயமில்லை. ஆனால் அந்தச் சொற்களுக்குள் வேறொருத்தியின் குரல் கேட்டது. படகு கட்டும் பலகைத்துறையில், குடையின் கீழ் நின்று பேசிய குரல்.

பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய மார்ச் மாதம் அது. எசமானி ஹாலோவே அம்மாள் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்துகொண்டே, முகத்தைத் திருப்பாமல் சொன்னாள்: "மிண்டா, உன் வாயிலேருந்து ஒரு சத்தம் வந்தா, இடுப்புல இருக்கறதும் அதே படகுல போயிடும்." இடுப்பில் இருந்தது ஃபிபி, இரண்டு வயது. மிண்டா தலையசைத்தாள்.

படகில் ஆறு வயது மகள் உட்கார்ந்திருந்தாள். எசமானரின் புத்தகத்தில் அவள் ஜூடித். கூடையில் அவள் கிம்பி. கிம்பி என்றால் பருந்து; பிறந்தவுடன் அதுபோல வீறிட்டாள் என்பதற்காக, அவள் தகப்பன் குவாஷ் வைத்த பெயர். வியாபாரி கொடுத்த புதுப் பூப்போட்ட சட்டையைப் போட்டிருந்தாள். பட்டணம் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்ததால் அவள் அழவில்லை. கயிறு அவிழ்ந்ததும் அவள் எழுந்து நின்றாள். துறையின் பக்கம் திரும்பி, காதைச் சாய்த்தாள். கிளம்பும்போது அம்மா கூப்பிடுவாள், அதற்காகக் காத்திருந்தாள். படகு நகர்ந்தது. அப்போதும் காத்திருந்தாள். நாணல் திருப்பத்தில் மறையும்வரை அந்தச் சாய்ந்த தலை நிமிரவில்லை. மிண்டா ஒரு கையால் ஃபிபியின் வாயைப் பொத்தி, தன் உதடுகளைப் பற்களுக்கு இடையே வைத்துக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எசமானி தன் தங்கையிடம் சொன்னாள்: "பாத்தியா? நான் சொல்லலை? பசுகூடக் கன்னுக்காக ஒரு ராத்திரி கத்தும். இதுங்களுக்கு நம்மள மாதிரி மனசுன்னு ஒண்ணு கிடையாது."

வாயை அடைத்தவளே அந்த மௌனத்தைச் சாட்சியாகவும் எடுத்துக்கொண்டாள். சவுக்கடி ஆறிய இடங்கள் மிண்டாவின் முதுகில் உண்டு. இந்த அடி எங்கே பட்டது என்று தொட்டுக்காட்ட அவளுக்கு ஓர் இடம் கிடைத்ததில்லை.

மூன்றாம் நாள் காலை, துணி அலசத் துறைக்குப் போனபோது பலகைகளின் மேல் ஈரக் காலடிகளைப் பார்த்தாள். சின்னக் காலடிகள். கரையிலிருந்து தொடங்கிப் பலகையின் விளிம்புவரை சென்று, விரல்கள் தண்ணீரைப் பார்த்தபடி நின்றுவிட்டவை. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்தில் எந்தக் குழந்தையும் இல்லை.

அன்றிலிருந்து அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. நாள்தோறும் அல்ல, கடல்நீர் ஏற்றம் வடிந்த சில காலைகளில். சூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, "நீர்நாயா இருக்கும்டி" என்றாள். அதன் பிறகு அவள் தனியாக அந்தத் துறைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். மிண்டா ஞாயிறுதோறும் ஒரு கைப்பிடி சோறும் சிவப்புப் பயறும் பலகை ஓரத்தில் வைத்துவிட்டு வருவாள். எசமானர்கள் ஓடினார்கள், வடக்கின் நீலச்சட்டைச் சிப்பாய்கள் வந்தார்கள், விடுதலை என்று வாசித்தார்கள். ஃபிபி வளர்ந்து தாயின் தோளைத் தொட்டுவிட்டாள். பலகையில் விழுந்த காலடிகள் மட்டும் ஆறு வயதைத் தாண்டவில்லை.

இப்போது, போரில் எதிர்ப்பக்கம் நின்ற ஹாலோவே எசமானருக்கு அரசு மன்னிப்பு கொடுத்து நிலத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. அவரிடம் கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவர்கள் சனிக்கிழமைக்குள் தீவைவிட்டுப் போய்விட வேண்டும். குவாஷ் தச்சன், முன்பு ஓடைக்கு அப்பாலிருந்த வேறு எசமானருக்குச் சொந்தமாயிருந்தவன். மனைவியையும் மக்களையும் சனிக்கிழமை மட்டும் வந்து பார்த்துப் போனவன். கிம்பியை விற்ற வாரமும் அவன் சனிக்கிழமைதான் வந்தான். போர் முடிந்தவுடன் சவானா வரை நடந்து விசாரித்து, குழந்தையை அலபாமாவுக்குக் கொண்டுபோனார்கள் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு திரும்பியிருந்தான்.

வியாழக்கிழமை அவன் படகைக் கவிழ்த்துப்போட்டு, இடுக்குகளில் தார் பூசிக்கொண்டிருந்தான்.

"சனிக்கெழம காலைல ஏத்தத்துல கெளம்பிடலாம். டேரியன் பக்கம் மரம் அறுக்கற எடத்துல ஆளு கேக்கறாங்களாம்."

"நான் வரலய்யா," என்றாள் மிண்டா.

"பின்ன? ஹாலோவேகிட்டக் கையெழுத்துப் போட்டுட்டு மறுபடியும் அந்தாளு பருத்திய எடுக்கப் போறியா?"

"பருத்திக்கில்ல. கிம்பி இங்க இருக்கா."

குவாஷ் நிமிர்ந்தான். "அவ அலபாமாவுல இருக்கா. செருப்புத் தேயத் தேய நடந்து கேட்டுட்டு வந்தேனே."

"ஒடம்பு அங்க இருக்கு."

"ஏன்? அன்னிக்கு நீ கூப்பிட்டு அனுப்புனல்ல?"

தார் தூரிகையிலிருந்து ஒரு சொட்டு மணலில் விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

"மிண்டா. கூப்பிட்டியா, இல்லியா?"

பதினோரு ஆண்டுகள் சொல்லாமல் வைத்திருந்ததை, பலகையில் விழும் காலடிகளையும் சேர்த்து, சொல்லி முடிக்க அவளுக்குச் சிறிது நேரமே போதுமாக இருந்தது. வீட்டுக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சீவிக்கொண்டிருந்த ஃபிபியின் கத்திச் சத்தம் நடுவிலேயே நின்றுவிட்டதை இருவரும் கவனித்தார்கள்.

குவாஷ் கோபப்படுவான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் துறையின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"விடுதல வந்ததுலேர்ந்து தெனமும் அந்தத் துறையிலதான் நான் படகு கட்டறேன்," என்றான் மெதுவாக. "எம்புள்ள மேலயா கயித்த வீசிட்டிருந்தேன்?"

மிண்டாவும் துறையைப் பார்த்தாள்.

"நீ கூப்பிடு," என்றான் அவன். "சனிக்கெழம கூப்பிடு. நம்மளோட கூட்டிட்டுப் போயிடலாம்."

"நம்மளோட வந்துட்டா, அங்க இருக்கறவ? பதினேழு வயசுப் பொண்ணு. மிங்கோவ மறந்துட்டியா? மேக்க அனுப்பணும்யா. அவகிட்ட அனுப்பணும்."

"ஆறு வயசுப் புள்ளைக்கு அலபாமாவுக்கு வழி தெரியுமா?"

"சொல்லித்தான் அனுப்பணும்."

"எங்கிட்ட அவளோடது எதுவுமே இல்ல, மிண்டா. ஒரு சட்டகூட இல்ல. வாரம் ஒரு நாளு பாத்த மொகம், அதுவும் பாதி மறந்து போச்சு." தூரிகையைத் தார்ச்சட்டிக்குள் வைத்துவிட்டு, மீண்டும் எடுத்தான். "சரி. நீ பெத்தவ. நீ சொல்ற பக்கமே போகட்டும்."

மாலை, கஞ்சிச் சட்டியைக் கழுவும்போது ஃபிபி கேட்டாள்: "என்னாலதான் அக்காவ நீ கூப்பிடலியாம்மா?"

"ஒன்னால இல்லடி. அந்தக் கொடை புடிச்சவளால."

"நீ சத்தம் போட்டிருந்தா?"

"ரெண்டு பேரும் போயிருப்பீங்க."

ஃபிபி சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "போயிருந்தா, அக்காவுக்கு நானாவது கூட இருந்திருப்பேன்."

கெட்ட எண்ணத்தோடு அவள் அதைச் சொல்லவில்லை. கணக்கு அப்படியும் வரும் என்பதுபோலத்தான் சொன்னாள். மிண்டா அந்த வாக்கியத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றாள்.

சனிக்கிழமை காலை குளிர் அதிகம். சதுப்பின் மேல் பனி படர்ந்து, நாணல்களின் நுனிகள் மட்டும் தெரிந்தன. பதினாறு குடும்பங்கள், ஐந்து படகுகள். கோழிகள், சட்டிகள், ஒரு தையல் பெட்டி, ஹேகரின் ஆட்டுக்குட்டி.

"ஆட்ட என் மடியில வெக்காதடி, அது எங்கிட்ட எதையாவது விட்டுட்டுத்தான் போகும்," என்றாள் சூக்கி.

"உம்மடியில விட்டாலும் உனக்கு வித்தியாசம் தெரியாது, ஏறு!"

வழியனுப்ப வந்த மிஸ் ஹார்டிங் எல்லாருடைய கையையும் குலுக்கிக்கொண்டிருந்தார். பிறகு பெண்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். ஒவ்வொருத்தியும் கரையை நோக்கித் திரும்பி, தன் பிள்ளைகளின் கூடைப் பெயர்களை மும்மூன்று முறை சொன்னாள். வா, போலாம், இங்க நிக்காத. கக்கத்தில் தூங்கிய குழந்தைகளுக்காக, வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட வளர்ந்த பிள்ளைகளுக்காக, பனிக்குள் பெயர்கள் போய்த் திரும்பின. மிண்டா ஃபிபியை அவளுடைய கூடைப் பெயரால் கூப்பிட்டாள். ஃபிபி வந்து படகில் உட்கார்ந்தாள்.

பலகைகளின் மேல் ஈரக் காலடிகள் இருந்தன. மூட்டைகளோடு நடந்தவர்கள் அவற்றை மிதிக்காமல் ஒதுங்கி நடந்திருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

மிண்டா விளிம்புக்குச் சென்று அந்தக் காலடிகளின் அருகில் நின்றாள். வாயைத் திறக்கும் முன் அவளையறியாமல் பின்னால் திரும்பி, குடை நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. எசமானி போரின் இரண்டாம் ஆண்டிலேயே சார்ல்ஸ்டனில் இறந்துவிட்டாள். இருந்தும் குரல் உடனே வரவில்லை. உதடுகள் அசைந்தன, அவ்வளவுதான். மிஸ் ஹார்டிங் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

"கிம்பி," என்றாள் மிண்டா. ஒளிந்திருக்கும் பிள்ளையைக் கூப்பிடும் குரலாகத்தான் அது வந்தது; உரக்க இல்லாததால் அது கணக்கில் சேராது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. நாணலிலிருந்து பறவைகள் கிளம்பின.

"கிம்பி! அம்மாதான்டி. அன்னிக்குக் கூப்பிடல. இப்பக் கூப்பிடறேன். இங்க நிக்காத. எங்களோடயும் வராத, கண்ணு. பொழுது எறங்கற பக்கம் போ. ஆத்த ஒட்டியே போ. யாராவது பாடிட்டுப் போனா அவங்க பின்னாடியே போ."

இரண்டாம் முறை கூப்பிட்டாள்.

"கிம்பி! நீ வளந்துட்டே, தெரியுமா? பதினேழு வயசு. ஒசரமா இருப்பே. யாரோன்னு நெனச்சு வெலகிப் போயிடாத. காதச் சாச்சு நிக்கற பொண்ண எங்க பாத்தாலும், அதான் நீ. உள்ள போயிடு."

ஹேகரின் ஆட்டுக்குட்டிகூட அசையவில்லை. மிண்டா மூச்சை இழுத்து, மேற்கே கையை நீட்டினாள். மூன்றாவது முறை கூப்பிட்டுவிட்டால் முடிந்தது.

"கிம்பி! போ..."

"கிம்பி!"

அது குவாஷின் குரல். அவன் படகில் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்திருந்தான். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"கிம்பி! அப்பாதான்டி. இங்க, படகு இங்க இருக்கு. எங்கிட்ட வா. வாடி செல்லம்."

பெற்றவள் ஒரு பக்கம் அனுப்பினாள், பெயர் வைத்தவன் மறு பக்கம் கூப்பிட்டான். தீவில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை. நடந்தால் என்ன ஆகும் என்று எந்த வழக்கமும் சொன்னதில்லை. குவாஷ் தான் செய்ததை அப்போதுதான் உணர்ந்தவன்போல இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

"முடியல, மிண்டா," என்றான் விரல்களுக்குள்ளிருந்து. "வாயக் கட்ட முடியல."

அந்தச் சொல்லைக் கேட்டபின் அவளால் அவனைத் திட்ட முடியவில்லை. பலகைகளைப் பார்த்தாள். வெயில் பனியைத் துளைத்துக்கொண்டு வந்தது. காலடிகள் குதிகாலிலிருந்து உலரத் தொடங்கின. கடைசியாக ஐந்து விரல்களின் புள்ளிகள் மட்டும் இருந்தன. பிறகு அவையும் இல்லை. படகை நோக்கியும் மேற்கை நோக்கியும் புதிய தடம் எதுவும் விழவில்லை.

ஏற்றம் திரும்புவதற்குள் கிளம்ப வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். மிண்டா படகில் இறங்கினாள். துடுப்புகள் தண்ணீரைத் தொட்டன.

நாணல் திருப்பம் தாண்டியதும் ஃபிபி மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அக்கா எந்தப் பக்கம்மா போனா?"

மிண்டா மேற்கே பார்த்தபடி இருந்தாள். அங்கே மட்டும்தான் பார்ப்பது என்று உறுதியாக இருந்தாள். குவாஷ் தலை நிமிராமல் துடுப்புப் போட்டான். தன் தச்சுப்பெட்டியைக் காலடிக்கு இழுத்துக்கொண்டு, பக்கத்துப் பலகையில் ஒரு சின்ன ஆள் உட்காருமளவு இடம் விட்டிருந்தான். அந்த இடத்தில் யாரும் இல்லை. காற்று திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நேராக அங்கேதான் அடித்தது.

மிண்டா வெகுநேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தோளிலிருந்த சால்வையை எடுத்து, அந்த வெறும் பலகையின் மேல் விரித்து, ஓரங்களை இழுத்துச் செருகினாள்.